ஔஷத தானமும் ஜெய்ப்பூர்ப் பாதமும்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களின் பெயரை இளமை முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஜினாலயத் திருவிழாக்களில் ஆகார தானம் நம் கண்முன்னே பந்தியாக நிகழ்கிறது. அறநூல்களை அச்சிட்டு வழங்குவோரால் சாஸ்திர தானம் நடைபெறுகிறது. எவ்வுயிர்க்கும் அச்சம் விளைவியாதிருத்தலாகிய அபய தானம் நம் உணவிலும் தொழிலிலும் அன்றாட ஒழுக்கமாகவே கலந்துள்ளது. ஔஷத தானத்தைப் பொறுத்தவரையில்தான் நமக்குத் தெளிவு குறைவு. மருந்தை விலைக்கு வாங்கி வறியவர் கையில் கொடுத்துவிட்டால் அத்தானம் நிறைவுற்றது என்று பெரும்பாலும் அமைதி கொள்கிறோம்.

மருந்தின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார்; காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் கூடிய சூரணமும், ஐந்து சிறு வேர்கள் கூடிய மருந்தும் உடற்பிணியைத் தீர்ப்பதுபோல, அந்நூல்கள் கூறும் அறங்கள் உயிர்ப்பிணியைத் தீர்க்கும் என்பது அப்பெயர்களின் உட்பொருள். சமணச் சான்றோர் இருவர் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டினர் என்பதிலிருந்தே, அறமும் மருத்துவமும் அவர்கள் உள்ளத்தில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பது விளங்கும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. மருந்து இருக்கிறது, அதை அறிந்த மருத்துவரும் இருக்கிறார், ஆயினும் வறியவருக்கு அது கிட்டுவதில்லை. மருந்துக்கும் அவருக்கும் இடையே நிற்பது எது? அந்த இடைவெளியை ஓர் அறநிலையம் எவ்வாறு கடக்கலாம்? நலவாழ்வில் ஒப்புரவு என்று இன்று அறிஞர் பேசுவது இதனையே. பிறந்த ஊரும் குலமும் கைப்பொருளும் எத்தகையனவாயினும், உடல்நலம் பெறும் வாய்ப்பு ஒருவருக்கு மறுக்கப்படாதிருத்தலே அவ்வொப்புரவு. இவ்வினாவுக்கு விடைதேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பகவான் மகாவீரரின் திருப்பெயரைத் தாங்கி, 1975ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் நகரில் தோன்றிய ஓர் அறநிலையத்தின் வரலாற்றிலேயே அவ்விடை உள்ளது.

ஒரு மருத்துவரும் ஒரு கைவினைஞரும்

கதை அவ்வறநிலையம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்குகிறது. 1960களில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்புமுறிவுச் சிகிச்சை வல்லுநராகப் பணியாற்றியவர் டாக்டர் பி.கே. சேத்தி. விபத்தாலும் நோயாலும் கால் இழந்தோர் பலர் அவரிடம் வந்தனர். அவர்களுக்கு அக்காலத்தில் கிடைத்த செயற்கைக்கால், மேலைநாட்டினரின் வாழ்க்கைக்கென அமைக்கப்பட்டது. ஸாச் என்று சுருக்கமாக வழங்கப்பட்ட அப்பாதத்தில் கணுக்கால் அசையாது; காலணிக்குள் பொருத்தினால்தான் அது பயன்படும். நாற்காலியில் அமர்ந்து, மேசையில் உண்டு, சமமான தரையில் காலணியோடு நடப்பவருக்கு அது போதுமானது.

இராஜஸ்தானத்து உழவரின் வாழ்க்கையோ வேறு. அவர் வெறுங்காலோடு மணலிலும் சேற்றிலும் நடப்பவர். தரையில் சம்மணமிட்டு உண்பவர். குத்துக்காலிட்டு அமர்ந்து பேசுபவர். காலைக்கடன் கழிப்பதும் அவ்வாறே. கோயிலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் அவர் காலணி அணிவதில்லை. ஆகவே மருத்துவமனையில் பெற்ற செயற்கைக்காலைப் பலர் ஊர் சென்றதும் மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலையே மீண்டும் நாடினர். இதனைச் சேத்தி கண்டார். நோயாளி மருத்துவரின் சொல்லைக் கேட்கவில்லை என்று குறைகூறி ஒதுங்கிவிடாமல், கொடுத்த கால்தான் நோயாளியின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று அவர் உணர்ந்தார்.

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்துவந்தவர் இராமச்சந்திர சர்மா. பள்ளிப்படிப்பு மிகக் குறைந்தவர். ஆனால் தலைமுறைத் தொழிலறிவும் கூர்ந்த கண்ணும் உடையவர். மருத்துவருக்கு உடற்கூறு தெரியும். கைவினைஞருக்குப் பொருளின் இயல்பு தெரியும். இருவரும் சேர்ந்தபோது புதிய பாதம் உருவாகத் தொடங்கியது. ஒருநாள் மிதிவண்டியின் சக்கரம் பழுதுற்று ஒரு கடைமுன் நின்றபோது, அங்கே லாரி டயருக்குப் புது ரப்பர் ஏற்றுவதைச் சர்மா கண்டார் என்றும், அதிலிருந்தே ரப்பரைச் சூடாக்கி இறுகச்செய்து பாதம் வார்க்கும் எண்ணம் பிறந்தது என்றும் கூறுவர். டாக்டர் எஸ்.சி. காஸ்லிவால், டாக்டர் மகேஷ் உதாவத் ஆகியோரும் இம்முயற்சியில் துணைநின்றனர்.

1968ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற அப்பாதத்தின் அமைப்பு எளிமையானது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் மென்மையான ரப்பர்ப் பஞ்சு, கணுப்பகுதியில் மரக்கட்டை, அவற்றை இறுக்கிப் பிணைக்க டயரில் பயன்படும் நைலான் இழை, இவை அனைத்தையும் மூடி, தோலின் நிறத்தில் வலுவான ரப்பர் உறை. இதனை அச்சிலிட்டு வேகவைத்து எடுத்தால், மனிதப் பாதத்தின் வடிவும் அதன் பல அசைவுகளும் கூடிய ஒரு பாதம் கிடைக்கும். அதற்குக் காலணி வேண்டா; நீர்பட்டால் கெடாது; மேடுபள்ளத்தில் வளைந்துகொடுக்கும். அதனை அணிந்தவர் குத்துக்காலிடவும் சம்மணமிடவும் இயலும். சம்மணம் என்னும் சொல்லையே சமணரோடு இணைத்துப் பேசுவோர் நம்மிடையே உண்டு. ஜினாலயத்துத் தரையில் மற்றவரோடு சமமாக அமர்ந்து வழிபட இயலாமை எத்தகைய வேதனை என்பதை நம் வீட்டு முதியோர் அறிவர். அந்த அமர்வை மீட்டுத்தந்தது இப்பாதம்.

அதனைக் கண்டவர்கள் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. எவரும் கற்கலாம், எவரும் செய்யலாம் என்று திறந்துவைத்தனர். பிற்காலத்தில் அது பல நாடுகளில் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1981ஆம் ஆண்டில் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. கைவினைஞர் சர்மாவின் பங்கு நெடுங்காலம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பதையும் வரலாறு மறைக்கலாகாது. ஏட்டறிவுக்குக் கிடைக்கும் மதிப்புக் கையறிவுக்குக் கிடைப்பதில்லை என்னும் குறை நம் சமுதாயத்தில் இன்றும் நீங்கவில்லை.

ஏழாண்டுகளில் ஏறத்தாழ அறுபது பேர்

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம் இனி வருவது. சிறந்த பாதம் கண்டறியப்பட்டுவிட்டது. விலை குறைவு, பயன் மிகுதி, செய்யும் முறையும் எளிது. அது பிறந்த இடமோ அரசு மருத்துவமனை. ஆயினும் 1968 முதல் 1975 வரையிலான ஏழாண்டுகளில் ஏறத்தாழ அறுபது பேர் அளவிலேயே அதனைப் பெற்றனர். கால் இழந்தோர் நாடெங்கும் பல்லாயிரவர் இருந்த காலம் அது.

காரணம் பாதத்தின் குறையன்று. மருத்துவமனைக்கு நாள்தோறும் வரும் நோயாளிகளின் நெரிசலில், செயற்கைக்கால் பொருத்துதல் கடைசி வேலையாகவே இருந்தது. அதற்கெனத் தனிப் பணியாளர் இல்லை. மூலப்பொருளுக்குத் தனி நிதி இல்லை. எங்கோ தொலைவிலுள்ள சிற்றூரில் ஊன்றுகோலோடு வாழ்ந்தவருக்கு இப்படி ஒரு பாதம் இருப்பதே தெரியாது. தெரிந்து வந்தாலும், பெயரைப் பதிந்து, அளவு கொடுத்து, பின்னொரு நாள் வருமாறு பணிக்கப்பட்டு, அந்நாளில் மீண்டும் வந்து காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் துணைக்கு ஒருவர் வேண்டும். இருவரின் பயணச்செலவு வேண்டும். அவ்வூரில் தங்க இடம் வேண்டும். இருவரின் கூலியும் இழப்பாகும். கால் இலவசமே ஆயினும், அந்தக் காலை வந்து பெறுவதற்கான செலவு அவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

நலவாழ்வில் ஏற்றத்தாழ்வு எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. யாரும் யாருக்கும் மருந்தை மறுக்கவில்லை. வாயிற்கதவும் மூடப்படவில்லை. எனினும் வசதியுள்ளவர் அதனுள் எளிதாக நுழைந்தார். வறியவரால் அதன் படியை எட்டவே இயலவில்லை.

நிர்வாண ஆண்டில் பிறந்த சமிதி

1969ஆம் ஆண்டில், இராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேர்ப் பகுதியில் நேர்ந்த சாலை விபத்தில் தேவேந்திர ராஜ் மேத்தா என்னும் இளம் ஆட்சிப்பணி அலுவலரின் தொடையெலும்பு நொறுங்கியது. காலையே நீக்க நேருமோ என்று மருத்துவர்கள் அஞ்சினர். நெடுங்காலச் சிகிச்சைக்குப் பின் கால் தப்பியது. சமண மரபில் தோன்றியவரான மேத்தா, நோய்ப்படுக்கையில் ஒரு சிந்தனையில் ஆழ்ந்தார். தாம் உயர் அலுவலர். தமக்குச் சிறந்த மருத்துவம் கிடைத்தது. இதே விபத்து ஓர் ஏழைக்கு நேர்ந்திருந்தால் அவர் கதி என்ன? துன்பம் தமக்கு வந்தபோது, அத்துன்பத்தில் தம்மைவிடத் தாழ்ந்த நிலையில் இருப்போரை நினைத்தல் எல்லோர்க்கும் இயல்வதன்று.

1974ஆம் ஆண்டு தீபாவளி தொடங்கி ஓராண்டுக்காலம் பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பட்டதை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஊர்தோறும் விழாக்கள் நடந்தன, நினைவுத்தூண்கள் எழுந்தன, நூல்கள் வெளிவந்தன. சமணப் பிரிவுகள் அனைத்தும் ஒரே சின்னத்தையும் ஒரே கொடியையும் ஏற்றதும் அக்காலத்தில்தான். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்னும் கருத்து அச்சின்னத்தின் அடியில் இடம்பெற்றது. அந்த ஆண்டின் நினைவாக, 1975இல், மேத்தாவின் முயற்சியால் ஜெய்ப்பூரில் நிறுவப்பட்டதே பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி. விகலாங்க என்பது உறுப்புக்குறை உடையவரைச் சுட்டும் பழைய வடசொல் வழக்கு. மாற்றுத்திறனாளிகள் என்று நாம் இன்று மதிப்போடு வழங்குவோரையே அது குறித்தது.

அச்சமிதி புதிய பாதம் எதனையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த பாதத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் மக்களைச் சென்றடையவில்லை என்னும் வினாவைத் தொடுத்தது. தடைகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றையும் நீக்க முற்பட்டது.

தடைகளை நீக்கிய முறை

முதலாவது, விலை. கால் முற்றிலும் இலவசம் என்று சமிதி முடிவுசெய்தது. வருவாய்ச் சான்றிதழ் கேட்டு எவரையும் திருப்பியனுப்பவில்லை. குலம், சமயம், மாநிலம் என்னும் வேறுபாடு எதுவும் பார்க்கப்படவில்லை. மகாவீரரின் பெயரால் எழுந்த நிலையம் சமணருக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது என்பதில் நிறுவனர்கள் உறுதியாக நின்றனர்.

இரண்டாவது, காலம். முன்கூட்டியே நாள்குறித்து வரவேண்டும் என்னும் விதி இல்லை. இரவில் இரயிலிலிருந்து இறங்கி வருவோரையும் சேர்த்துக்கொண்டனர். துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதிக்கு மாவுக்கட்டால் அச்செடுத்து, அவ்வச்சின் மேல் குழாயைச் சூடாக்கி இழுத்துப் பொருத்தி, அடியில் ரப்பர்ப் பாதத்தைத் திருகி இணைத்து, நடைபழக்கும் பணிகள் அனைத்தும் ஒரே இடத்தில் நடைபெறுமாறு அமைத்தனர். பெரும்பாலோர் வந்த அன்றோ அடுத்த நாளோ தம் காலில் நடந்து ஊர் திரும்ப இது வழிசெய்தது. பலமுறை வந்துபோகும் செலவும் கூலியிழப்பும் இதனால் நீங்கின.

மூன்றாவது, தங்குதல். நோயாளிக்கும் உடன்வந்தவருக்கும் உணவும் உறைவிடமும் இலவசம். ஊர் திரும்பப் பயணச்செலவும் வழங்கப்பட்டது.

நான்காவது, பொருள். தொடக்கத்தில் காலின் தண்டுப்பகுதியை அலுமினியத் தகட்டைத் தட்டித்தட்டி உருவாக்கினர். பின்னர், வயலுக்கு நீர் பாய்ச்சப் பயன்படும் நெகிழிக் குழாயை அடுப்பில் இளக்கி, அச்சின்மேல் உருவமைக்கும் முறை வந்தது. எங்கும் கிடைக்கும் பொருள், எடை குறைவு, வேலையும் விரைவு. மேலைநாடுகளில் பல்லாயிரம் டாலர் விலைபெறும் செயற்கைக்காலுக்கு ஈடாக, இங்கே சில ஆயிரம் ரூபாயில் ஒரு காலைச் செய்து முடிக்க முடிந்தது. செலவு குறையக்குறைய, அதே நன்கொடையில் அதிகம் பேருக்கு உதவ இயன்றது.

ஐந்தாவது, தொலைவு. ஜெய்ப்பூருக்கு வர இயலாதவரிடம் சமிதியே சென்றது. பிற நகரங்களில் கிளைகள் தோன்றின. சிற்றூர்களில் முகாம்கள் நடந்தன. கருவிகளையும் கைவினைஞரையும் ஏற்றிச் சென்று, அவ்விடத்திலேயே கால்கள் செய்து பொருத்தப்பட்டன. செயற்கைக்காலோடு, இளம்பிள்ளைவாதத்தால் கால் தளர்ந்தோருக்குத் தாங்கிகளும், கையால் மிதித்துச் செல்லும் மூன்றுசக்கர வண்டிகளும், செவித்திறன் குறைந்தோருக்குக் கருவிகளும் வழங்கும் பணிகளும் சேர்ந்தன.

ஏழாண்டுகளில் ஏறத்தாழ அறுபது என்றிருந்த எண்ணிக்கை, காலப்போக்கில் ஓராண்டுக்கு 20,000 கால்களையும் தாண்டியது. பாதம் அதே பாதம்தான். அதனைச் சுற்றி ஓர் அறநிலையம் அமைத்த ஏற்பாடே இம்மாற்றத்தை விளைவித்தது.

இவ்விடத்தில் நம் ஆகமக்கருத்து ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். சமந்தபத்திராசாரியார் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், வையாவிருத்தியம் என்னும் தொண்டினை நான்காக வகுக்கிறது: உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் ஆகியவற்றை வழங்குதல். அங்கே அது துறவோர்க்குச் சிராவகர் ஆற்றவேண்டிய பணியாகக் கூறப்பட்டது என்பது உண்மை. ஆயினும் அப்பகுப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. மருந்து மட்டும் போதாது. உண்ண உணவும், பயன்படுத்தக் கருவியும், தங்க இடமும் கூடினால்தான் தொண்டு முழுமைபெறும் என்று ஆசாரியர் கண்டார். ஜெய்ப்பூர்ச் சமிதியின் வாயிலுக்குள் நுழையும் ஏழைக்கு இந்நான்கும் ஒருங்கே கிடைக்கின்றன. அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாகவும் வையாவிருத்தியம் எண்ணப்படுவதால், தொண்டு செய்பவரின் வினைநீக்கத்துக்கும் அது வழியாகும் என்பது நம் கொள்கை.

தமிழ் நிலத்தோடு ஓர் உறவு

இப்பாதத்தின் புகழ் தமிழ்நாட்டை எட்டியதற்கு ஒரு துயர நிகழ்ச்சியும் காரணமாயிற்று. 1981ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் ஒரு காலை இழந்தார். அப்போது அவர் பதினாறு வயதினர். டாக்டர் சேத்தியைப் பற்றி அறிந்து ஜெய்ப்பூர் சென்ற அவர், அப்பாதத்தைப் பொருத்திக்கொண்டு, கடும் வலியோடு அடவுகளை மீண்டும் முதலிலிருந்து பழகி, 1984இல் மேடையேறினார். அவர் வாழ்க்கை மயூரி என்னும் திரைப்படமாயிற்று. அதில் அவரே நடித்தார். தரையில் காலைத் தட்டி ஆடும் ஒரு கலைக்கு இடங்கொடுத்த பாதம், நாற்று நடும் பெண்ணுக்கும் சுமைதூக்கும் ஆணுக்கும் இடங்கொடுக்கும் என்பதை மக்கள் அதன்மூலம் நேரில் கண்டனர்.

கடல்கடந்த தமிழ் மண்ணிலும் இப்பாதம் நடந்தது. உள்நாட்டுப் போரால் கால் இழந்தோர் பெருகிய யாழ்ப்பாணத்தில் 1980களிலேயே ஜெய்ப்பூரின் பெயரைத் தாங்கிய செயற்கைக்கால் மையம் ஒன்று பணிதொடங்கியது. கண்ணிவெடிகள் நிறைந்த நிலத்துக்கு உழவர் மீண்டு திரும்பியபோது அம்மையத்தின் தேவை மேலும் மிகுந்தது. ஆப்கானிஸ்தானத்திலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் போரும் கண்ணிவெடியும் பறித்த கால்களுக்கு ஈடாக இப்பாதங்கள் சென்றன. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட மகாவீரரின் பெயரால் தோன்றிய நிலையம், போர் விட்டுச்சென்ற புண்களுக்கு மருந்தாயிற்று. 2018ஆம் ஆண்டில் காந்தியடிகளின் 150ஆம் பிறந்தநாளையொட்டி இந்திய அரசு, பிற நாடுகளில் செயற்கைக்கால் முகாம்கள் நடத்தும் பணியைச் சமிதியோடு இணைந்து மேற்கொண்டது.

கோயம்புத்தூரில் பிறந்து உலகப்புகழ் பெற்ற மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், 2004இல் வெளியிட்ட தம் நூலில், வறியோருக்கான பணியைத் திறம்பட நடத்தும் முறைக்கு எடுத்துக்காட்டாக ஜெய்ப்பூர்ப் பாதத்தையும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் ஆராய்ந்தார். கருணையால் தொடங்கிய பணியிலும் கணக்கும் ஒழுங்கும் வேண்டும் என்பது இவ்விரண்டுக்கும் பொதுவாக அமைந்த பாடம்.

குறைகளும் திருத்தங்களும்

இவ்வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதிவிடல் அனேகாந்தத்தைப் போற்றும் நமக்கு அழகன்று. செயற்கைக்கால் துறை வல்லுநர்கள் இப்பணியின்மீது குறைகளும் கூறியுள்ளனர். கையால் செய்யப்படும் பாதம் ஆதலால், செய்பவரின் திறமைக்கேற்ப அதன் தரம் மாறுகிறது என்பது ஒன்று. முகாமில் கால் பெற்றவர் ஊர் திரும்பியபின், அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா, புண் ஏற்பட்டதா, பழுதுற்றதா என்று தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு போதாது என்பது மற்றொன்று. எண்ணிக்கையைப் பெருக்கும் ஆர்வம் தரத்தைப் பின்தள்ளுமோ என்னும் கவலையும் எழுந்தது.

இக்குறைகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏழைக்குக் கொடுப்பது எதுவாயினும் போதும் என்னும் எண்ணம் தானத்தையே மாசுபடுத்துவது. சமிதியும் இதனை உணர்ந்து, அறிவியல் நிறுவனங்களின் துணையை நாடியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து, ஒரே தரத்தில் வார்க்கத்தக்க பாலியூரித்தேன் பாதத்தை உருவாக்கும் முயற்சி நடந்தது. முழங்காலுக்கு மேல் கால் இழந்தோருக்கு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து, விலைகுறைந்த செயற்கை முழங்கால் மூட்டு ஒன்று உருவாக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக அதனை டைம் இதழ் சேர்த்தது. வறியவரின் தேவைக்கென உயர்ந்த அறிவியல் உழைக்கவேண்டும் என்னும் நெறிக்கு இவை சான்று.

அறநிலையம் ஒன்று எவ்வளவு பெரிதாயினும் அரசுக்கு மாற்றாகாது என்பதையும் கருதவேண்டும். நாட்டிலுள்ள ஒவ்வொரு மாற்றுத்திறனாளியையும் தேடிச்செல்லும் ஆற்றலும் கடமையும் அரசுக்கே உரியவை. சமிதியும் நன்கொடையோடு அரசு மானியத்தையும் பெற்றே இயங்குகிறது. ஆயினும் அரசின் மருத்துவமனையில் ஏழாண்டுகள் முடங்கிக்கிடந்த ஒரு நன்மையை வெளிக்கொணர்ந்து, இவ்வாறும் செய்ய இயலும் என்று காட்டியது அறநிலையமே. வழிகாட்டுதலும், விரைந்து தொடங்குதலும், விதிகளில் சிக்காமல் மனிதரை மனிதராக வரவேற்றலும் அறநிலையத்துக்கு எளிதாகக் கைகூடுபவை.

நம் அறக்கட்டளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ்ச் சமணராகிய நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் உழவை நம்பி வாழ்ந்த குடும்பங்களே நம்முள் மிகுதி. நம் அறக்கட்டளைகள் செல்வத்தில் வடநாட்டு நிலையங்களுக்கு ஈடாகா. ஆகவே ஜெய்ப்பூரின் அளவைப் பார்த்து மலைப்பதால் பயனில்லை. அவர்கள் தொடங்கிய முறையைக் கற்பதே நமக்குப் பயன்தரும். அங்கும் முதலில் இருந்தது ஒரு வினா மட்டுமே: இருக்கும் மருந்து ஏன் இல்லாதவரைச் சேரவில்லை?

விழாக்காலங்களில் நம் ஊர்களில் மருத்துவ முகாம்கள் நடத்துகிறோம், நல்ல பணி. ஆனால் முகாம் முடிந்த மறுநாளை நாம் எண்ணிப்பார்ப்பதுண்டா? இரத்தத்தில் சர்க்கரை மிகுதி என்று சீட்டில் எழுதிக்கொடுக்கப்பட்ட மூதாட்டி, அதன்பின் மருத்துவமனைக்குச் சென்றாரா? அழைத்துச்செல்ல வீட்டில் ஆள் இருந்ததா? பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிய, ஊரில் தனித்திருக்கும் முதியோர் நம் குடும்பங்களிலேயே பலர். நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் தோன்றும் சிறுபுண்ணைக் காலத்தில் கவனியாவிட்டால், காலையே இழக்க நேரிடும். அத்தகையோர்க்கு மாத்திரையைவிட, மாதம் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச்செல்லும் ஒரு வண்டியும் உடன்செல்லும் ஓர் இளைஞரும் பெருமருந்தாவர். அதனை நம் சங்கங்கள் இன்றே தொடங்கலாம், பெருநிதி வேண்டுவதில்லை.

முகாமுக்கு யார் வரவில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஜினாலய வாயிலில் நடக்கும் முகாமுக்கு ஊரின் கடைசித்தெருவில் வாழ்வோர் தயங்காமல் வருகின்றனரா? வயல்வேலைக்குச் செல்லும் பெண்கள் பகலில் நடக்கும் முகாமுக்கு எவ்வாறு வருவர்? வந்தவரின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் அச்சிடுகிறோம். வராதவரின் வீட்டைத் தேடிச்சென்று காரணம் கேட்பதே ஒப்புரவின் தொடக்கம். பகவான் மகாவீரரின் சமவசரணத்தில் மனிதர், தேவர், விலங்குகள் அனைத்துக்கும் இடம் இருந்தது என்று படித்து மகிழும் நாம், நம் முகாமின் பந்தலையும் அதற்கேற்ப விரித்தமைத்தல் கடமை.

1977ஆம் ஆண்டில் அதே மேத்தா, ஜெய்ப்பூரில் பிராகிருத பாரதி என்னும் நிலையத்தையும் நிறுவினார். சமண நூல்களை வெளியிடுதல் அதன் பணி. ஔஷத தானமும் சாஸ்திர தானமும் ஒருவர் கையாலேயே அருகருகே நடந்தன. ஏடு காத்தலும் நோயாளியைக் காத்தலும் ஒரே அறத்தின் கிளைகள் என்பதை அவர் செயலால் உணர்த்தினார்.

2500ஆம் நிர்வாண ஆண்டின் கொண்டாட்டங்களுள் பல இன்று நினைவில் மங்கிவிட்டன. அந்த ஆண்டில் வித்திட்ட ஒரு சிறு சமிதியோ, இன்றும் நாள்தோறும் யாரோ ஒருவரை எழுந்து நிற்கச் செய்துகொண்டிருக்கிறது. இவ்விழாவில் நாமும் அத்தகைய ஒரு வித்தினை ஊன்றுவோமாக. அடுத்த ஆண்டு மலரில், நம் ஊர்ச் சங்கம் தேடிச்சென்று நலம் கண்ட குடும்பங்களின் எண்ணிக்கை இடம்பெறட்டும். அது பத்தாக இருப்பினும் குறைவில்லை.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!